சிறை சென்று திரும்பியவருக்கு வாக்குரிமை உண்டா? புளோரிடா மாநில அரசியலமைப்புத் திருத்தத்தின் கதை

ஒருவர் குற்றம் செய்கிறார். நீதிமன்றம் தண்டனை விதிக்கிறது. சிறையில் இருந்துவிட்டு வெளியே வருகிறார். அடுத்த பொதுத்தேர்தலில் அவர் வாக்களிக்கலாமா?

மலேசியாவில் இதற்கு விடை சிக்கலானதல்ல. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 119ஆவது பிரிவு, சிறைத் தண்டனையை அனுபவித்துக் கொண்டிருப்பவருக்கு வாக்களிக்கும் தகுதி இல்லை என்கிறது. தண்டனையை முழுதாக முடித்து வந்தவருக்கு அந்தத் தடை இல்லை. தேர்தலில் வேட்பாளராக நிற்பதற்குத்தான் வேறு கணக்கு, வேறு தடைக்காலம்.

அமெரிக்காவில் இப்படி ஒரே விடை கிடையாது. அங்குள்ள ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி அரசியலமைப்புச் சட்டம் உண்டு. யார் வாக்காளர், யார் வாக்காளர் அல்லர் என்பதைப் பெரும்பாலும் மாநிலமே முடிவு செய்கிறது. மேய்ன், வெர்மோண்ட் மாநிலங்களில் சிறைக்குள் இருந்தபடியே ஒருவர் வாக்களிக்கலாம். தெற்கே புளோரிடாவுக்கு வந்தால் நிலைமை நேர் எதிர். 2018ஆம் ஆண்டு வரை அங்கே பெருங்குற்றத்திற்காக ஒருமுறை தண்டிக்கப்பட்டவருக்கு ஆயுள் முழுவதும் வாக்கு இல்லை. ஆளுநர் மனமிரங்கி உரிமையைத் திருப்பிக் கொடுத்தால் மட்டுமே உண்டு.

பெருங்குற்றம் என்றதும் கொலை, கொள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. ஓராண்டுக்கு மேல் மாநிலச் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றம் எதுவும் அந்த வகையில் சேரும். 2019ஆம் ஆண்டு அக்டோபர் வரை புளோரிடாவில் 300 டாலர் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே பெருங்குற்றம். ஒரு கைத்தொலைபேசியின் விலை அது. பத்தொன்பது வயதில் அதைச் செய்தவர் எழுபது வயதிலும் வாக்குச்சாவடிக்குள் நுழைய முடியாது.

இந்தத் தடை நேற்று வந்ததல்ல. உள்நாட்டுப் போர் முடிந்து, கறுப்பின ஆண்கள் முதன்முதலாக வாக்களிக்கத் தொடங்கிய காலத்தில், 1868ஆம் ஆண்டு எழுதப்பட்ட மாநில அரசியலமைப்புச் சட்டத்திலேயே அது இருந்தது. 1968ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் தொடர்ந்தது. குற்றவாளிகளின் வாக்குரிமையைப் பறிப்பது நாட்டின் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1974ஆம் ஆண்டு ஒரு கலிபோர்னியா வழக்கில் கூறிவிட்டது. ஆக, நீதிமன்றக் கதவைத் தட்டிப் பயனில்லை. மாநில அரசியலமைப்புச் சட்டத்தையே மாற்றினால்தான் உண்டு.

எத்தனை பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள்? சென்டன்சிங் புராஜெக்ட் என்ற ஆய்வு அமைப்பு 2016ஆம் ஆண்டு மதிப்பிட்ட கணக்குப்படி, புளோரிடாவில் ஏறக்குறைய 17 இலட்சம் பேருக்கு வாக்குரிமை இல்லை. வாக்களிக்கும் வயதுடையோரில் பத்தில் ஒருவருக்கு மேல் என்று அர்த்தம். கறுப்பினத்தவரை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்தில் ஒருவருக்கு மேல். இதே மாநிலத்தில்தான் 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் வெறும் 537 வாக்குகளில் முடிவானது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நால்வர் முன்னால் ஒரு மனு

ஆளுநர் மனமிரங்கினால் உரிமை திரும்பும் என்று பார்த்தோம். அந்த இரக்கம் எப்படிக் கிடைத்தது? ஆளுநரும் மூன்று அமைச்சரவை உறுப்பினர்களும் அடங்கிய கருணை வாரியம் தலைநகர் டல்லஹாசியில் ஆண்டுக்கு நான்கு முறை கூடும். மனுதாரர் அவர்கள் முன்னால் நின்று தன் வாழ்க்கைக் கதையைச் சொல்வார். மது அருந்துகிறாரா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாரா என்றெல்லாம் கேள்விகள் வரும். ஆளுநர் ஒருவர் மறுத்தால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆளுக்கொரு விதி என்றும் ஆனது. 2007ஆம் ஆண்டு ஆளுநராக வந்த சார்லி கிறிஸ்ட், கொடுங்குற்றம் அல்லாதவற்றுக்குப் பெரும்பாலும் தானாகவே உரிமை திரும்பும்படி விதியைத் தளர்த்தினார். அவர் காலத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமை பெற்றனர். 2011ஆம் ஆண்டு வந்த ரிக் ஸ்காட் அதை மாற்றினார். தண்டனை முடிந்து ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் காத்திருந்த பிறகே மனுவே போடலாம் என்றார். எட்டு ஆண்டுகளில் உரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய 3,000 பேர்தான். இருவரும் குடியரசுக் கட்சி சார்பில் ஆளுநரானவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கட்சி ஒன்றே, கதவு மட்டும் திறந்து மூடியது. தங்களுக்கு அளவுகோல் ஏதும் இல்லை, விரும்பியதைச் செய்யலாம் என்ற பொருளில் ஸ்காட் ஒரு கூட்டத்தில் சொன்னதை, 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பளித்த கூட்டரசு நீதிபதி மார்க் வாக்கர் எடுத்துக்காட்டி அந்த முறையையே கண்டித்தார். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது.

தண்டவாளத்திலிருந்து வாக்குச்சீட்டுக்கு

இந்த நிலையை மாற்றப் புறப்பட்டவர்களில் முதன்மையானவர் டெஸ்மண்ட் மீட். போதைப்பழக்கம், சிறை, வீடற்ற நிலை எல்லாவற்றையும் பார்த்தவர். 2005ஆம் ஆண்டு மயாமியில் ஒரு தண்டவாளத்தின் ஓரம் உயிரை மாய்த்துக்கொள்ள இரயிலுக்காகக் காத்து நின்றார். இரயில் வரவில்லை. தண்டவாளத்தைக் கடந்து நடந்தவர் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார், பிறகு கல்லூரியில் சேர்ந்தார், 2014ஆம் ஆண்டு சட்டப் பட்டமும் பெற்றார். 2016ஆம் ஆண்டு அவருடைய மனைவி மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நின்றபோது கணவரால் வாக்களிக்க முடியவில்லை. சட்டம் படித்தவருக்கு ஓட்டு இல்லை!

அவரோடு கைகோத்த நீல் வோல்ஸ் குடியரசுக் கட்சியைச் சார்ந்தவர். வாஷிங்டனில் நடந்த ஓர் இலஞ்ச விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். கறுப்பினத்தவர் ஒருவரும் வெள்ளையர் ஒருவரும் ஒரே மேடையில் நின்றது, இது ஒரு கட்சியின் கோரிக்கையல்ல என்று காட்டுவதற்கு உதவியது.

மலேசியாவில் அரசியலமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மாநில அரசியலமைப்பைத் திருத்த மாநிலச் சட்டமன்றத்தில் அதே அளவு வேண்டும். மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. புளோரிடாவில் மக்களே கையெழுத்துத் திரட்டித் திருத்தத்தைத் தேர்தல் சீட்டில் ஏற்றலாம். 2018ஆம் ஆண்டுத் தேர்தலுக்குத் தேவைப்பட்ட கையெழுத்துகள் 766,200. எல்லாம் ஓர் ஊரில் திரட்டியதாக இருக்கக் கூடாது. மாநிலத்தின் நாடாளுமன்றத் தொகுதிகளில் பாதியிலாவது குறிப்பிட்ட விகிதம் இருக்க வேண்டும். வாசகம் தெளிவாக இருக்கிறதா, ஒரே பொருளைப் பற்றியதா என்று மாநில உச்ச நீதிமன்றம் பார்க்கும். சீட்டில் அச்சாகும் விளக்கம் 75 சொற்களைத் தாண்டக் கூடாது. இத்தனையும் தாண்டி வாக்கெடுப்பில் 60 விழுக்காடு பெற வேண்டும்.

இந்த 60 விழுக்காட்டில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு முன் பாதிக்கு மேல் இருந்தாலே போதும் என்றிருந்தது. 2006ஆம் ஆண்டு ஒரு திருத்தத்தின் மூலம்தான் அதை 60 ஆக உயர்த்தினார்கள். அந்தத் திருத்தம் பெற்றது 57.8 விழுக்காடு! தன்னுடைய அளவுகோலில் தானே தேறாத சட்டம் அது.

60 என்ற அந்த எண்ணிக்கைதான் திருத்தத்தின் வாசகத்தையே வடிவமைத்தது. கட்சி சார்பற்றவர்களும் பழைமைப் போக்குடையவர்களும் ஆதரித்தால்தான் அது கிட்டும். கொலை, பாலியல் குற்றம் செய்தவர்களுக்கும் சேர்த்துக் கேட்டால் பலர் பின்வாங்குவார்கள். ஆகவே அந்த இரு பிரிவினரையும் திருத்தமே விலக்கியது. மற்றவர்களுக்கு, நன்னடத்தைக் கண்காணிப்புக் காலம் உட்பட, தண்டனையின் எல்லா நிபந்தனைகளையும் முடித்த பிறகு வாக்குரிமை திரும்பும் என்று எழுதினார்கள். கடனை அடைத்தவருக்குக் கணக்கு முடிந்தது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் எளிதாகப் பதிந்தது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி நான்காவது திருத்தம் என்ற பெயரில் அது வாக்குச்சீட்டில் இருந்தது. 51 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்தார்கள், 64.55 விழுக்காடு. அதே நாளில் ஆளுநர் பதவிக்கு நின்ற ரான் டிசாண்டிஸ் அரை விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். அவர் வாங்கிய வாக்குகளைவிடத் திருத்தம் வாங்கியது பத்து இலட்சம் அதிகம். அவருக்கு வாக்களித்த பலர் இதற்கும் வாக்களித்தார்கள் என்பது தெளிவு. இதனால் உரிமை பெறுவோர் 14 இலட்சம் பேர் வரை இருக்கலாம் என்று அப்போது பேசப்பட்டது.

2019ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி திருத்தம் நடப்புக்கு வந்தது. டிசாண்டிஸ் பதவியேற்றதும் அன்றைக்குத்தான். மாநிலமெங்கும் தேர்தல் அலுவலகங்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். ஒர்லாண்டோவில் மீட் தம் பெயரைப் பதிந்துகொண்டார்.

'எல்லா' என்ற சொல்

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு வெற்றிக் கதை. ஆனால் திருத்தத்தில் இருந்த 'எல்லா நிபந்தனைகளும்' என்ற தொடருக்கு என்ன பொருள் என்று யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். சிறைவாசம் தண்டனையின் பகுதி. கண்காணிப்புக் காலமும் பகுதி. நீதிமன்றம் விதித்த அபராதம்? பாதிக்கப்பட்டவருக்குத் தரவேண்டிய இழப்பீடு? நீதிமன்றக் கட்டணம்?

இவையும் சேரும் என்று மாநிலச் சட்டமன்றம் 2019ஆம் ஆண்டு மே மாதம் சட்டம் இயற்றியது. ஜூன் 28ஆம் தேதி ஆளுநர் கையெழுத்திட்டார். பணத்தைக் கட்டி முடிக்காதவரையில் தண்டனை முடியவில்லை, தண்டனை முடியாதவரையில் வாக்கு இல்லை.

மக்கள் தீர்ப்பை அரசியல்வாதிகள் தந்திரமாகக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மறுதரப்பின் வாதத்தில் நியாயமே இல்லை என்று தள்ள முடியாது. முதுமைக்கான சேமிப்பை ஏமாற்றிப் பறித்தவன், திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காமலே தண்டனை முடிந்துவிட்டது என்று சொல்லலாமா என்று அவர்கள் கேட்டார்கள். அதைவிட வலுவான ஆதாரம் ஒன்றும் அவர்கள் கையில் இருந்தது. 2017ஆம் ஆண்டு மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் திருத்தத்தின் வாசகத்தைப் பரிசீலித்தபோது, அபராதங்களும் இதில் சேருமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். சேரும் என்று பதில் சொன்னவர் திருத்தத்தை ஆதரித்தவர்களின் வழக்கறிஞர்! அந்த நேரத்தில் அது வாசகத்தைக் காப்பாற்றிய பதில். மூன்று ஆண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி, பண நிபந்தனைகளும் சேரும் என்று அதே நீதிமன்றம் கருத்துரைத்தபோது அந்தப் பதிலும் மேற்கோளாக வந்தது.

ஆனால் இழப்பீடு ஒன்று, நீதிமன்றக் கட்டணம் வேறொன்று. புளோரிடாவில் நீதிமன்ற எழுத்தர் அலுவலகங்கள் பெருமளவுக்கு வழக்கில் சிக்கியவர்களிடம் வாங்கும் கட்டணத்தில்தான் நடக்கின்றன. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு வழக்கறிஞரை நியமிக்கும்; அதற்கு விண்ணப்பிக்கவே 50 டாலர். பெருங்குற்ற வழக்கென்றால் அந்த வழக்கறிஞருக்காகக் குறைந்தது 100 டாலர். கட்டாமல் விட்டால் கணக்கு கடன் வசூல் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் 40 விழுக்காடு வரை கூடுதலாக வசூலிக்கலாம். 28 கிராம் கொக்கெய்ன் வைத்திருந்து கடத்தல் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவருக்குச் சட்டப்படி 50,000 டாலர் அபராதம். சிறையிலிருந்து வந்து பாத்திரம் கழுவும் வேலை பார்ப்பவர் அதை எந்தப் பிறவியில் கட்டி முடிப்பார்?

புளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ஸ்மித் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆய்வின்படி, சிறைவாசமும் கண்காணிப்பும் முடிந்தும் பணம் பாக்கி வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய 774,000 பேர்.

எவ்வளவு கடன் என்று யாருக்கும் தெரியாது

வழக்கு கூட்டரசு நீதிபதி ராபர்ட் ஹிங்கிலிடம் வந்தது. 2020ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி அவர் அளித்த நீண்ட தீர்ப்பில் வெளிப்பட்ட ஓர் உண்மை, கட்ட முடியாத ஏழ்மையைவிட விநோதமானது. கட்டத் தயாராக இருப்பவருக்கும் எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

மாநிலத்தில் 67 மாவட்டங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பதிவேடு. பழைய வழக்குகளின் கோப்புகள் எங்கோ கிடங்கில். எல்லாவற்றையும் ஓரிடத்தில் திரட்டிய பட்டியல் எதுவும் இல்லை. ஒரு பேராசிரியரும் முனைவர் பட்ட மாணவர்களும் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்த 153 பேரின் கணக்கைத் தேடிப் பார்த்தார்கள். அவர்களில் மூன்று பேரைத் தவிர மற்ற அனைவரின் பதிவுகளிலும் ஒன்றுக்கொன்று முரண். படித்தவர்கள் கூடிப் பல நாள் தேடியும் இந்த நிலை. தேர்தல் அலுவலகத்தில் 85,000 பதிவுகள் சரிபார்ப்புக்குக் காத்திருந்தன. திருத்தம் நிறைவேறி 18 மாதங்கள் ஆகியிருந்தன. அதுவரை ஒரு பதிவைக்கூட மாநிலம் சரிபார்த்து முடிக்கவில்லை. அரசு சொன்ன வேகத்திலேயே போனாலும் 2026ஆம் ஆண்டு பிறந்துவிடும் என்று நீதிபதி கணக்குப் போட்டார்.

பணம் கட்டினால்தான் ஓட்டு என்ற முறை இது என்று ஹிங்கில் எழுதினார். வரி கட்டாததற்காக வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1964ஆம் ஆண்டே அமெரிக்க அரசியலமைப்பில் 24ஆவது திருத்தம் வந்திருந்தது. கறுப்பினத்தவரை வாக்குச்சாவடியிலிருந்து விலக்கத் தென்மாநிலங்கள் பயன்படுத்திய வரிக்கு எதிரான திருத்தம் அது. நீதிமன்றக் கட்டணங்களும் ஒருவகை வரியே என்றார் ஹிங்கில். உண்மையிலேயே கட்ட வசதியில்லாதவரை வாக்களிக்க விட வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

மாநிலம் மேல்முறையீடு செய்தது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி, பதினொன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறுக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ஹிங்கிலின் தீர்ப்பைத் தள்ளியது. அதிபர் தேர்தலுக்கான பதிவு முடிய ஒரு மாதம்கூட இல்லை. பாக்கி வைத்திருப்பவர்களின் கடனை அடைக்க நன்கொடை திரட்டும் வேலை சூடுபிடித்தது. நியூயார்க் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் மட்டுமே ஏறக்குறைய 1 கோடியே 60 இலட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்.

2022ஆம் ஆண்டில் சென்டன்சிங் புராஜெக்ட் மீண்டும் மதிப்பிட்டபோது, தண்டனையை முடித்தும் பணத்தால் மட்டும் புளோரிடாவில் வாக்கிழந்து நின்றவர்கள் 930,000க்கும் மேல். முழு நாட்டிலும் இதைவிட அதிகமானோர் வாக்கிழந்த மாநிலம் வேறில்லை.

இடையில் சொல்ல வேண்டிய ஒன்று. வேறு மாநிலத்தில் தண்டிக்கப்பட்டவர் புளோரிடாவில் வசித்தால், தண்டித்த மாநிலத்தின் விதியையே புளோரிடா ஏற்றுக்கொள்கிறது. 2024ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் டோனால்ட் டிரம்ப் குற்றவாளி எனத் தீர்ப்பானது. சிறையில் இல்லாதவருக்கு நியூயார்க்கில் வாக்குரிமை உண்டு. ஆகவே நவம்பரில் அவர் புளோரிடாவின் பாம் பீச்சில் தமக்கே வாக்களிக்க முடிந்தது. அதே ஊரில் வழக்கு நடந்து, அதே ஊர் நீதிமன்றத்துக்கு நானூறு டாலர் பாக்கி வைத்திருப்பவருக்கு அது முடியாது.

அட்டை கொடுத்தது யார்?

பணத்தோடு தொல்லை நிற்கவில்லை. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி, சட்டவிரோதமாக வாக்களித்ததாக இருபது பேர் மீது குற்றச்சாட்டு என்று டிசாண்டிஸ் அறிவித்தார். அதற்கென்றே தேர்தல் குற்றப் பிரிவு ஒன்று அந்த ஆண்டு தொடங்கப்பட்டிருந்தது. கைதானவர்கள் கொலை அல்லது பாலியல் குற்றத்தில் முன்பு தண்டிக்கப்பட்டவர்கள். நான்காவது திருத்தம் விலக்கிவைத்த அதே இரு பிரிவினர்.

சட்டப்படி அவர்களுக்கு வாக்கு இல்லைதான். ஆனால் அவர்கள் பதிவு செய்தபோது யாரும் தடுக்கவில்லை. வாக்காளர் அட்டை தபாலில் வீட்டுக்கு வந்தது. சில மாதங்கள் கழித்துக் காவல்துறையினரின் உடல் கேமராவில் பதிவான காட்சிகள் வெளியானபோது, அட்டை கொடுத்துவிட்டு ஏன் கைது செய்கிறீர்கள் என்று அவர்கள் திகைத்துக் கேட்பதை மக்கள் பார்த்தார்கள். கைவிலங்கு பூட்டிய காவலர்களில் சிலருக்கே விளக்கம் சொல்லத் தெரியவில்லை. பல வழக்குகள் தள்ளுபடியாயின. மாநில அளவிலான அரசுத் தரப்பு வழக்குரைஞருக்கு இதைத் தொடுக்கும் அதிகாரமில்லை என்று நீதிபதிகள் கூறினர். 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் சட்டமன்றம் கூடி அந்த அதிகாரத்தைக் கொடுத்தது.

ஒருவர் தகுதியுடையவரா இல்லையா என்று சரிபார்த்துச் சொல்லும் பொறுப்பை மாநிலம் ஏற்றிருக்கலாம். சட்டமன்றம் எடுத்த வழி வேறு. 2023ஆம் ஆண்டு நிறைவேறிய தேர்தல் சட்டத்தின்படி, வாக்காளர்களுக்கு அனுப்பும் அட்டையில் ஒரு குறிப்பு அச்சிடப்பட வேண்டும்: இந்த அட்டை தகவலுக்காக மட்டுமே, இதை வைத்திருப்பவர் வாக்களிக்கத் தகுதியுடையவர் என்பதற்கு இது சான்றல்ல.